இறைத்த தண்ணீர் எங்கே போகிறது?

பெண்கள் விடுதி,
திருக்கோகர்ணம்,
4-12-1952

அன்புள்ள அழகம்மாள் அக்காவுக்கு, உன் தங்கை உண்ணாமலை எழுதுவது.

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும்.

நான் சுகம். ஆத்தாவும் அப்பாவும் சுகம் என்று கீரனூர் பஸ்ஸில் வந்த நம் ஊர்க்காரர் சொன்னார். நீயும் ஆவுடையப்பன் மச்சானும் உன் மாமனார் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காற்று இங்கேயே விடுதிக் கூரையில் பாதி ஓடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டது. நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு அறையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். கடற்கரைப் பக்கம் இன்னும் மோசம் என்கிறார்கள். உன் ஊர் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று நினைக்க நினைக்க எனக்குப் பாடம் ஏறவில்லை.

ஊரில் நிவாரணத் தொண்டர் குழு ஒன்று கூடியிருக்கிறது. நல்லதம்பி வாத்தியார்தான் தலைவர். எங்கள் பிரகதாம்பாள் டீச்சர் எங்களையும் அதில் சேர்த்துவிட்டார். நான் நான்காம் பாரம் என்பதால் மூட்டை தைக்க விட்டார்கள். சின்னப் பெண்களுக்கு ஊசி கிடையாது.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்றாலும், நேற்று அறந்தாங்கி பஸ் வரும் நேரத்துக்குக் கீரனூர் ஸ்டாண்டில் போய் நின்றாராம். கேட்டதற்கு, "புகையிலை வாங்க வந்தேன்" என்றாராம்.

உடனே பதில் போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உண்ணாமலை


புதுக்குடியேந்தல்,
15-12-1952

அன்புத் தங்கை உண்ணாவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் சுகம். கவலைப்படாதே. தபால்காரர் வர வழியில்லாததால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

கூரை போய்விட்டது. மச்சான் கீற்று முடைந்து பாதியை மூடிவிட்டார். தென்னையும் பனையும் விழுந்து கிடக்கின்றன. கடல் தெருவுக்குள் வந்து, மறுநாள் திரும்பிப் போய்விட்டது. எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. தொண்டர்கள் அரிசி கொடுத்தார்கள், வேட்டி சேலை கொடுத்தார்கள். குளிக்கவும் துவைக்கவும் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆடு ஒன்று போய்விட்டது. மாமா தினமும் அதைத் தேடப் போகிறார்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. ஆத்தாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொல்லு.

அன்புடன்
அக்கா


திருக்கோகர்ணம்,
19-12-1952

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை நீ எழுதியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை ஐந்து தரம் படித்தேன். குளிக்கத் தண்ணீர் இருக்கிறது, துவைக்கத் தண்ணீர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். குடிக்க? கடல் தெருவுக்குள் வந்தது என்றால் உன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றுக்குள் வரவில்லையா? அந்தத் தெருவே அந்தக் கிணற்றில்தானே குடிக்கிறது? நீ குறைத்து எழுதினால் நம் பேச்சு முறிந்துவிடும்.

அரையாண்டு லீவுக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. டீச்சர் சில பேரை மூட்டை வேலைக்கு நிறுத்திக்கொண்டார். விரல் எல்லாம் ஊசிப் புண். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உண்மையை எதிர்பார்க்கும்
உண்ணாமலை


புதுக்குடியேந்தல்,
26-12-1952

அன்பு உண்ணாவுக்கு,

சுகம் என்றே எழுதுகிறேன், ஆனால் நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன்.

கிணறு உப்பாகிவிட்டது. வாயில் வைக்க முடியாது. இந்தப் பக்கம் எல்லாக் கிணறும் அப்படித்தான். உப்பளம் தாண்டிப் போனால் ஒரு கண்மாய் இருக்கிறது. அதில் கடல் ஏறவில்லை. காலையில் போனால் உச்சி வெயிலில் குடத்தோடு திரும்பலாம். நடுவழியில் இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன். முன்பு அப்படி இல்லை.

தை பிறந்து கொஞ்ச நாள் பார்ப்பது, கிணறு தெளியாவிட்டால் வீட்டை விட்டுவிட்டுச் சிவகங்கைப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விடுவது என்று மாமா சொல்கிறார். போனால் திரும்ப மாட்டோம். தெருவில் இரண்டு வீடு ஏற்கெனவே போய்விட்டது. எனக்குப் போக மனமில்லை. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஆனாலும் என் வீடு.

கிணற்றை இறைத்து இறைத்துக் கொட்டினால் நல்ல ஊற்று வரும் என்கிறார்கள். மச்சானும் ஆட்களும் பனையோலைப் பட்டையால் கை கொப்பளிக்க இறைத்தார்கள். பகலில் இறைத்தது ராத்திரியில் ஊறிவிடுகிறது. நம் ஊர் மாதிரி மாடு கட்டி இறைக்கும் கமலை இங்கே எவரிடமும் கிடையாது. இத்தனை காலம் தேவைப்படவில்லை.

அப்பாவிடம் சொல்லாதே. மாமா பேசிய பேச்சை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அக்கா


திருக்கோகர்ணம்,
29-12-1952

வணக்கத்துக்குரிய அப்பா அவர்களுக்கும் ஆத்தாவுக்கும் உண்ணாமலை எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் முழங்கால் வலி தேவலையா?

அப்பா, அக்கா உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்கிறேன். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அவள் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாணப் பந்தியில் நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மாமனார், "நாங்க குனிஞ்சு கைய விட்டா தண்ணி. கீரனூர்ப் பக்கம் ஒரு செம்பு தண்ணி குடிக்க ரெண்டு மாடு வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினீர்கள். "இனி ஒங்க வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். எனக்கும் அவர் மேல் கோபம் உண்டு.

ஆனால் அப்பா, இப்போது அந்த ஊருக்கு வேண்டியது அந்த ரெண்டு மாடுதான்.

நல்லதம்பி வாத்தியாரிடம் சொன்னேன். "புயலடிச்ச ஊருக்கு அரிசி கேப்பாங்க, வேட்டி கேப்பாங்க. கமலை கேட்டு இப்பத்தாம்மா பாக்குறேன்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினார். ஆட்களும் மாடுகளும் வந்தால் சாப்பாடும் தீவனமும் குழுவின் பொறுப்பு என்று சொல்லச் சொன்னார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மகள்
உண்ணாமலை


கீரனூர்,
2-1-1953

சிரஞ்சீவி உண்ணாமலைக்கு, உன் தகப்பனார் மலையாண்டி சொல்ல, தபால் ஆபீஸ் பிச்சைமுத்து எழுதியது.

இங்கு சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

மாடுகளுக்கு லாடம் அடிக்க வேண்டும். தண்ணீர் மொள்ளும் சாலுக்குப் புதுத் தோல் ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஐயனார், குழந்தைசாமி இன்னும் நம் தெருவில் சில பேர் ஜோடியோடு வருகிறார்கள். திங்கட்கிழமை புறப்படுகிறோம். மாட்டுப் பொங்கலை மாடுகள் அங்கேதான் கொண்டாட வேண்டும். உன் ஆத்தாவுக்கு அதில் வருத்தம்.

நான் தொண்டர் கூடாரத்தில் சாப்பிட்டுக்கொள்வேன். அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். இதை உன் அக்காவுக்குத் தெளிவாக எழுதிவிடு.

இப்படிக்கு
மலையாண்டி, கைநாட்டு


திருக்கோகர்ணம்,
7-1-1953

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், மிகவும் சுகம். நீ என் மேல் கோபப்படலாம். சொல்லிவிட்டேன். அப்பா புறப்பட்டுவிட்டார். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அங்கே வந்திருப்பார்.

கொஞ்ச நாளாக நாங்கள் திருக்கோகர்ணத்தில் வீடு வீடாக வைக்கோல் கேட்டுப் போனோம். மாட்டுக்கு உன் ஊரில் ஒரு புல்லும் இருக்காது என்று டீச்சர் சொன்னார். ஒரு வீட்டு அம்மாள் பழைய சேலையை மடித்துக்கொண்டு வந்து, "வைக்கோலா? இந்தப் புள்ளைகளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்றாள். பிறகு அவளே மாட்டுக்கொட்டகையைத் திறந்துவிட்டு, "எடுத்துக்கங்க, எம் மாட்டுக்கு மிச்சம் வைங்க" என்றாள். தலையெல்லாம் வைக்கோலோடு வகுப்புக்குப் போனோம். எவரும் திட்டவில்லை.

நேற்றுக் காலை எங்கள் விடுதி வாசல் வழியாக அவர்கள் போனார்கள். முன்னால் நம் மயிலையும் கரிச்சானும். பின்னால் ஜோடி ஜோடியாக நம் ஊர் மாடுகள். வண்டிகளில் கமலைக்கால், உருளை, வடம், சால். பள்ளிக்கூடமே கேட்டில் நின்றது. நான் ஓடினேன். அப்பா என்னைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். "போ, படி" என்றார். அவ்வளவுதான். ஆனால் மயிலை நின்று என் தாவணியை முகர்ந்துவிட்டுத்தான் நகர்ந்தது. இனி இந்தத் தாவணியைத் துவைக்கப் போவதில்லை.

அவர் உன் வீட்டில் கை நனைக்க மாட்டாராம். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

டீச்சர் இதைப் பற்றி என்னை ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். அதனால் சில விவரம் வேண்டும். கமலையை எந்தப் பக்கம் நட்டார்கள்? மாடு இறங்கச் சரிவு எப்படிப் போட்டார்கள்? இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? நம் வீட்டில் என்றால் மிளகாய்த் தோட்டத்துக்குப் போகும். அங்கே எந்த வயலுக்குப் போகிறது என்று பெயரோடு எழுது.

நடுவழியில் குடத்தை இறக்குகிறேன், முன்பு அப்படி இல்லை என்று எழுதினாயே. ஏன் என்று சொல்லவில்லை.

உண்ணாமலை


புதுக்குடியேந்தல்,
22-1-1953

அன்பு உண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா வந்த அன்று வாசலுக்கு வெளியே நின்றே என்னைப் பார்த்தார். தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். மணலில் மாட்டுக் கால் புதைகிறது என்று விழுந்த தென்னை மட்டைகளைப் பரப்பிச் சரிவு போட்டார்கள். எங்கள் கிணறு நம் ஊர்க் கிணற்றில் பாதிகூட ஆழமில்லை. மயிலை நாலு எட்டு வைப்பதற்குள் சால் மேலே வந்துவிடும். அது திரும்பித் திரும்பிப் பார்க்கும், "இவ்வளவுதானா?" என்கிற மாதிரி. மற்ற ஜோடிகள் பக்கத்துத் தெருக் கிணறுகளுக்குப் போயின.

அப்பாவும் மாமாவும் நேரே பேசிக்கொள்ளவில்லை. இடையில் நின்றது உன் மச்சான்தான். "மாப்பிள்ளை, ஒங்கப்பாவ அங்கிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, வடம் அடிக்கும்." "டேய், ஒம் மாமனார மாட்ட நெழல்ல கட்டச் சொல்லு." இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டுதான் இவ்வளவும்.

விடியலிலிருந்து இருட்டும் வரை இறைத்தார்கள். பொங்கல் வந்தது. கண்மாய்த் தண்ணீரில் பொங்கல் வைத்தோம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி, கிணற்றுத் தண்ணீரை வாளியில் வைத்தார் அப்பா. மயிலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரிச்சான் வாளியையே உதைத்துவிட்டது. இறைத்தது அத்தனையும் வீண். உப்பு உப்பாகவே இருந்தது. மாமா அன்றே பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிக் கட்ட ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்ப வைத்தேன். அவர் மறுபடியும் கட்டினார்.

உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. எல்லோரும் சோர்ந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். படி என்றார் அப்பா. படித்தேன். வைக்கோலைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. இறைத்த தண்ணீர் எங்கே போகிறது, எந்த வயலுக்கு என்று.

எல்லோரும் திரும்பிக் கிணற்றடி மணலைப் பார்த்தார்கள்.

இங்கே வயல் எங்கே இருக்கிறது, உண்ணா? சாலிலிருந்து கொட்டுகிற தண்ணீர் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவதுதான் வேலை. அதற்கு மேல் வாய்க்கால் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கமலையே தெரியாது. அதனால் அவர்களுக்கும் தோன்றவில்லை.

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொட்டிய இடத்தில் கையால் தோண்டினார். ஊறி வந்ததை நாக்கில் வைத்துத் துப்பினார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். இறைத்த உப்புத் தண்ணீரே மணல் வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மாமாவைப் பார்த்து நேரே கேட்டார்.

"சம்பந்தி, ஒங்க பனை எத்தனை விழுந்துச்சு?"

"விழாததக் கேளுங்க, எண்ணிச் சொல்றேன்" என்றார் மாமா.

"நீளமானதாப் பாத்துப் பொளக்கணும். கோடாலி இருக்கா?"

"இருக்கு. நாந்தேன் கட்டி வச்சுட்டேன்" என்று மாமா உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "அவுத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

விழுந்த பனைகளை நெடுக்காகப் பிளந்து, உள்ளே மெத்தென்று இருக்கும் சோற்றைச் சுரண்டித் தோணியாக்கி, ஒன்றன் வாயில் ஒன்றை வைத்து, கிணற்றிலிருந்து உப்போடை வரைக்கும் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருப்பிள்ளைகள் எல்லாம் சுரண்டுகிறார்கள். பக்கத்துத் தெருவிலும் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிட்டார்கள். இனி இறைப்பது ஓடைக்குப் போகும்.

நீ கேட்ட வயலின் பெயர் இந்த உப்போடைதான். கட்டுரையில் எழுதிக்கொள்.

கடைசியாகக் கேட்டதற்கு இப்போது பதில் இல்லை.

அக்கா


திருக்கோகர்ணம்,
26-1-1953

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் இறங்கத் தெரியாமல் இரண்டு படி தாண்டிக் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது.

உண்மையை எழுதுகிறேன். நான் யோசித்துக் கேட்கவில்லை. கட்டுரைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டீச்சரிடமும் அப்படியே சொன்னேன். "பரவாயில்லை, கேட்டாயல்லவா" என்றார்.

நேற்று நல்லதம்பி வாத்தியார் இன்னும் இரண்டு வண்டி வைக்கோல் வேண்டும் என்றார். சாயந்திரத்துக்குள் சேர்த்துவிட்டோம். தெளிந்ததா, தெளியவில்லையா? ஒரு வரி போதும்.

உண்ணாமலை


புதுக்குடியேந்தல்,
17-2-1953

கொழுந்தியாள் உண்ணாமலைக்கு மச்சான் ஆவுடையப்பன் எழுதுவது. நாங்கள் சுகம். உன் ஒரு வரிக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், பொய்யும் எழுதக் கூடாது, மெய்யும் தெரியவில்லை என்று உன் அக்கா பேனாவைத் தொடவில்லை. இப்போது மாமா, அதாவது உன் அப்பா, சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் பேச்சை மாற்றக் கூடாதாம்.

"ஆத்தா உண்ணாமலை, அப்பன் பேசுறேன். பனந்தோணி கட்டுனப்புறம் மொத வாரம் உப்புக் கொறஞ்சுச்சு. ரெண்டாவது வாரம் பாசிப்பயறு வேகுற தண்ணியாச்சு. நாங்க விடலை. நேத்து விடியக்காலம் மாட்டப் பூட்டப் போறேன், மயிலை தோணியில வாய வச்சுருக்கு. மோந்து பாக்குதுன்னு நெனச்சேன். உறிஞ்சுது. அந்தச் சத்தத்தக் கேட்டேன். கரிச்சான் அத இடிச்சுத் தள்ளிட்டு அதுவும் குடிச்சுச்சு."

(இதற்கு மேல் மாமா சொல்ல மறுக்கிறார். நான் பார்த்ததை எழுதுகிறேன்.)

தெருவே கூடிவிட்டது. எங்கள் அப்பா செம்பைத் துலக்கி எடுத்து வந்து, சாலிலிருந்து நேராகப் பிடித்து, தான் குடிக்காமல் மாமாவுக்கு நீட்டினார். மாமா வாங்கவில்லை.

"சம்பந்தி, அன்னைக்குப் பந்தியில நாஞ் சொன்னது நெனவிருக்கா?" என்றார் எங்கள் அப்பா.

"மறக்கறாப்புலயா சொன்னீக?"

"ஒரு செம்பு தண்ணி குடிக்க ரெண்டு மாடு வேணுமுன்னேன். இந்தா நிக்கிது ரெண்டு மாடு. இந்தா இருக்கு செம்பு. இப்ப எங்க ஊருக்கும் வேண்டியதாப் போச்சு. குடிங்க."

மாமா மயிலையைப் பார்த்தார். "எம் மாடே இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சுருச்சு. இனிமே நான் மட்டும் வீராப்பா நின்னா அது என்னய மதிக்காது" என்று வாங்கி, அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார். தெருவில் குலவைச் சத்தம். பக்கத்துத் தெருவில் ஐயனார் இறைத்த கிணறும் அன்று சாயந்திரமே தெளிந்தது. போன இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறோம். பாத்திரங்கள் பரணில் ஏறிவிட்டன.

(மாமா மறுபடியும் பேசுகிறார்.)

"ஒங்கக்கா ஒனக்குச் சொல்லாதத நாஞ் சொல்றேன். அவளுக்கு ஏழாம் மாசம். நான் வந்த அன்னைக்கே வாசல்ல நின்னு பாத்தேன். பாத்தப்புறம் அந்த மாட்டுக்கு நான் ஓய்வு குடுக்கலை. இப்ப அவ நாலு எட்டுல தண்ணி எடுக்குறா. வளைகாப்புக்கு ஒங்க ஆத்தாளக் கூட்டிக்கிட்டு வா. நான் இங்கனதேன் சாப்புடுறேன். ஆத்தாகிட்ட அதச் சொல்லு."

இப்படிக்கு
ஆவுடையப்பன்


திருக்கோகர்ணம்,
24-2-1953

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று இந்தத் தடவை நம்புகிறேன். ஏழாம் மாதத்தை ஏழு மாதம் மறைத்ததற்கு நேரில் சண்டை போடுவேன். வளைகாப்புக்கு டீச்சர் லீவு தந்துவிட்டார்.

உன் ஊருக்குப் போய்வந்த நல்லதம்பி வாத்தியார் நீ கொடுத்துவிட்ட தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து, "வைக்கோல் கட்சிக்கு அன்பளிப்பு" என்று வாசலில் வைத்தே கொடுத்தார். சாப்பாட்டு மணிக்குப் பிறகு என் அறையில் எல்லாரும் கூடினோம். ஒருத்திக்கு ஒரு மூடி. டீச்சரும் கை நீட்டினார். ஒவ்வொருத்தியும் குடித்துவிட்டு, "உப்பு இல்லை" என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒருத்தி மட்டும், "லேசா இருக்கு" என்றாள். அவளை அடிக்கப் போனோம். பிறகு நானும் குடித்தேன். நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். லேசாக இருக்கிறது, அக்கா. மிகவும் லேசாக, நாக்கின் ஓரத்தில். ஆனால் நம் ஊர்த் தண்ணீரைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

கட்டுரை முடிந்துவிட்டது. தலைப்பை நீயே ஊகித்துக்கொள்.

பனந்தோணியை எடுத்துவிட வேண்டாம் என்று உன் மாமனாரிடம் சொல்லு. நான் வந்து பார்க்க வேண்டும். அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மயிலையிடம் மட்டும், தாவணியை இன்னும் துவைக்கவில்லை என்று சொல்லு. டீச்சர் முகத்தைச் சுளிக்கிறார், ஆனாலும் துவைக்கவில்லை.

புட்டியில் ஒரு மூடி மிச்சம் இருக்கிறது. அதை உன் பிள்ளைக்கு என்று வைத்திருக்கிறேன், அங்கே கிணறே இருக்கும்போது இது எதற்கு என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மணி அடித்துவிட்டது. இந்த வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.